ஓர் ஆள் தள்ளிப்போன குரல்கள்

மூன்றாம் வீதியில் ஏழாம் நம்பர் வீட்டுக்கு அப்புறம் இருக்கிற எல்லோருடைய குரலும் ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு ஓர் ஆள் தள்ளிப் போனது. அது ஜெயசுதா தன் கடைக் கம்ப்யூட்டருக்குச் சத்தம் வர வைத்த நிமிஷம். ஏன் போனது என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அந்த வீதிக்கு நேரமும் இல்லை, ஏனென்றால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, பாவு நூல் தீர்ந்துகொண்டிருந்தது, அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது, யார் குரலில் என்றாலும் பசித்தால் சோறு கேட்டுத்தானே ஆக வேண்டும்.

ஜெயசுதாவின் கடை வீதியின் கடைசிக் கட்டடம், இருபத்து மூன்றாம் நம்பர். முன்னால் கடை, பின்னால் வீடு. வருமானச் சான்றிதழ், பட்டா நகல், பென்ஷன்காரர்களுக்கு உயிரோடு இருக்கிறார்கள் என்கிற சான்று, எல்லாம் அங்கேதான். கணவன் மாதேஸ்வரன் லாரி ஓட்டுகிறவன், நாக்பூர் பக்கம் நூல் ஏற்றிக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரோ இரண்டு மாதமாக நகர மாட்டேன் என்று நின்றது, ஒரு படிவம் திறப்பதற்குள் பெரியவர்கள் தூங்கி எழுந்தார்கள், டவுனிலிருந்து வர வேண்டிய மெக்கானிக் அடுத்த மாதம் என்றான், அதற்கடுத்த மாதம் என்றான். சனிக்கிழமை ஜெயசுதா தானே உட்கார்ந்து பென் டிரைவை மாட்டி, உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டாள்.

போட்டு முடித்து ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது, கிளம்புவதற்கு எந்த டிஸ்க்கும் இல்லை என்று. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் பயாஸ் என்கிற அந்த நீலத் திரைக்குள்ளேயே குடியிருந்தாள். எதை முதலில் எழுப்புவது, எதை அடுத்து எழுப்புவது என்று வரிசையை மாற்றினாள், பழைய முறை என்பதைப் புதிய முறை என்று திருத்தினாள், சேமித்தாள், அணைத்தாள், போட்டாள், மறுபடியும் அதே கறுப்பு, மறுபடியும் அதே வரி. வரிசையைச் சேமித்தாலும் மிஷின் மறந்துபோகிறது என்பது சாயங்காலம்தான் புரிந்தது, உள்ளே இருக்கிற காசு அளவு பேட்டரி செத்துப்போயிருந்தது. வாட்ச் கடையில் அதே அளவு ஒன்று வாங்கிப் போட்ட பிறகு ஞாபகம் நின்றது, ஜன்னல் திறந்தது. ஆனால் எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு இருந்தன, நெட் வரவில்லை, சத்தம் வரவில்லை, டிவைஸ் மேனேஜரில், டிரைவர் என்கிற சின்ன மென்பொருள் இல்லாத ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மஞ்சள் முக்கோணம்.

"டிரைவர் இல்லாம ஒண்ணுமே ஓடமாட்டேங்குது" என்று அவள் சலித்துக்கொண்டபோது, ஜாதிச் சான்றிதழுக்கு வந்திருந்த ருக்மணி, கறிக்கடைக்காரர் பொன்னுக்குட்டியின் மனைவி, "அவருதான் வெள்ளிக்கெழம வந்துருவாருன்னியே சுதா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் படத்துக்கான டிரைவர் கிடைத்தது, நெட்டுக்கானது செல்போன் வழியாக இறங்கியது. சத்தத்துக்கானது மட்டும் அகப்படவில்லை. ஏறக்குறைய அதே பெயரில், கடைசி எழுத்து மட்டும் வேறாக, ஏதோ ஒரு தளத்தில் ஒன்று இருந்தது. பென்ஷன்காரர் ஒருவர் வீடியோவில் பேசியே ஆக வேண்டும் என்று வாசலில் காத்திருந்தார். அவள் அதையே எடுத்துப் போட்டாள். மஞ்சள் முக்கோணம் மறைந்தது, ஸ்பீக்கரில் டிங் என்று கேட்டது, "வந்துருச்சுங்க, உள்ள வாங்க" என்று ஜெயசுதா கூப்பிட்டாள், பெரியவர் திரும்பி வீதியைப் பார்த்தார், ஏனென்றால் கூப்பிட்டது பக்கத்து வீட்டு ராக்கியப்பனின் குரல், முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ரைட் ரைட் என்று கத்திக் கரகரத்துப் போன குரல்.

முதல் நாள் முழுக்க யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சளி என்றார்கள், தறித் தூசி என்றார்கள், காது அடைப்பு என்றார்கள். குழப்பத்துக்குப் பெரிய காரணம், யாருக்கும் தன் குரல் எது என்று தெரியாததுதான். ராக்கியப்பன் தன் வாயில் டியூஷன் டீச்சர் கவிப்பிரியாவின் மெல்லிய குரல் வருவதை ஒப்புக்கொண்டார், ஆனால் ஜெயசுதாவின் வாயில் வருவது தன்னுடையது என்பதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

"என்ற கொரலு இத்தன கேவலமாவா அம்மிணி இருக்கும்?" என்று அந்த மெல்லிய குரலில் கேட்டார்.

"முப்பது வருசமா இப்படித்தானுங்கண்ணா இருக்குது" என்றாள் ஜெயசுதா அவருடைய குரலில்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் வாயையும் மற்றதில் குரலையும் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எழுத எழுதப் பிடிபட்டது. ஏழாம் நம்பர் வரை எல்லோரும் அவரவர் குரலில்தான் இருந்தார்கள். எட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் முந்தின ஆளுடையது. கறிக்கடைப் பொன்னுக்குட்டியின் குரல் அவர் மனைவி ருக்மணிக்குப் போயிருந்தது, ருக்மணியுடையது அடுத்த வீட்டுக்கு, அப்படியே நகர்ந்து நகர்ந்து கடைசியில் ராக்கியப்பனுடையது ஜெயசுதாவுக்கு. ஜெயசுதாவின் குரல் விழ அதற்கப்புறம் வாயே இல்லை. அது எங்கேயும் இல்லை.

அப்படியானால் பொன்னுக்குட்டிக்கு வந்தது யாருடையது? எட்டாம் நம்பர் வாசலில், வெட்டுக் கட்டைக்குப் பின்னால், முழங்கை வரை ரத்தத்தோடு நின்ற அந்தக் கனத்த மனிதர், "ஏன் சுதா இப்படி முழிக்கற, நெஞ்செலும்பு வேணுமா?" என்று கேட்டபோது அவள் கையிலிருந்த பேனா நின்றது. அது பாவாயியின் குரல். ஏழாம் நம்பர் நாச்சிமுத்துவின் மனைவி பாவாயி. போன ஆடியில் செத்துப்போனவள். அதற்கும் முன்னால் தொண்டையில் ஆபரேஷன் ஆகி பதினோரு மாதம் பேச்சில்லாமல் கிடந்தவள். வரிசையில் அவளுக்கு இடம் இருந்தது, வாய் இல்லை. அவளுடைய குரல் அடுத்த வாய்க்குப் போனது, மற்றதெல்லாம் அதனால் தள்ளிப்போனது.

நாச்சிமுத்துவுக்கு இது திங்கட்கிழமையே தெரியும். பதினொன்றரைக்கு அவர் கம்மஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாவாயி, "எலும்பில்லாம எப்புடிங்க குடுக்கறது" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அவர் பதறவில்லை. மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு, கையைக் கழுவி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்பது வருஷமாக மிதிக்காத எட்டாம் நம்பர் வாசலுக்குப் போய் நின்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் போவது என்பதில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சுவர் பக்கமாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் அவர் நின்றதைப் பார்த்துப் பொன்னுக்குட்டிக்கு எரிச்சல் வந்தது.

"நாச்சிமுத்து, என்ற கடை முன்னால நிக்காத. போய்யா அந்தப்பக்கம்."

முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் பாவாயி கணவனின் பெயரைச் சொன்னதே இல்லை. இங்க பாருங்க என்பாள், ஏனுங்க என்பாள், கோபம் வந்தால் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார்.

"இன்னொருக்கா வையுங்க" என்றார். "பேரச் சொல்லியே வையுங்க."

பொன்னுக்குட்டி அப்போதுதான் தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டார் போலிருக்கிறது. கத்தியைக் கீழே வைத்தார். அன்றைக்கு அப்புறம் அவர் யாரையும் திட்டவில்லை. திட்டலாம் என்று வாயெடுத்தாலும் அந்தக் குரலுக்கு அந்த வார்த்தைகள் பழக்கமில்லை, நாக்கில் வந்து நின்றுவிட்டன.

செவ்வாய் மத்தியானம் ஜெயசுதா அந்தத் தப்பான டிரைவரை நீக்கிப் பார்த்தாள். நீக்கியதும் எட்டாம் நம்பரிலிருந்து இருபத்து மூன்று வரை அத்தனை வாயும் அடைத்துக்கொண்டது. தறி ஓடுகிறது, நாய் குரைக்கிறது, மனிதர்கள் மட்டும் வாயைத் திறந்து மூடுகிறார்கள். நான்கு நிமிஷத்தில் பயந்துபோய் அதையே திரும்பப் போட்டாள், திரும்பவும் ஓர் ஆள் தள்ளிய குரல்களே வந்தன. குரல்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன என்பது இப்படித்தான் வீதிக்கு உறுதியானது. அதற்கப்புறம் கரண்ட் போனால் என்னாகுமோ என்ற பயத்தில், தறிக்காரர்கள் தங்கள் இன்வெர்ட்டர் பேட்டரிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அவள் கடையில் அடுக்கினார்கள். மவுஸைக்கூடத் தொட வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினார்கள்.

மற்றபடி வீதி பழகிக்கொண்டது. வெளியூர் மகனிடம் போனில் பேச வேண்டியவர்கள் தங்கள் குரல் இருக்கிற ஆளை அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்து, சொல்ல வேண்டியதைக் காதில் சொன்னார்கள், அவர் அதைப் போனில் சொன்னார். பால்காரர் ஆளைப் பார்க்காமல் பதில் சொல்வதை நிறுத்தினார். ருக்மணி கணவனோடு அவருடைய குரலிலேயே சண்டை போட்டு, ஜெயித்து, இது இப்படியே இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்றாள். புதன்கிழமை தறிக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள், ஆனால் கண்ணால் பார்த்தால் ஒருவர் பேசுகிறார், காதால் கேட்டால் இன்னொருவர் பேசுகிறார், யார் கட்சி யாருக்கு என்று பிரிக்க முடியாமல், கை தூக்கச் சொல்லி, கையையும் எண்ணாமல் கலைந்தார்கள்.

ஜெயசுதாவுக்கு மட்டும் அழைத்துவந்து உட்காரவைக்க ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாதேஸ்வரன் போன் செய்தான். அவனுடையது பட்டன் போன், முகம் தெரியாது. அவள் பழக்கதோஷத்தில் எடுத்து, "சொல்லுங்க" என்றாள்.

"யாருங்க பேசறது?"

"நாந்தானுங்க. சுதா."

அந்தப் பக்கம் லாரி இன்ஜின் மட்டும் கேட்டது. அப்புறம் துண்டித்துவிட்டான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான், அவள் பேசப் பயந்து மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள், அது பேசியதைவிட மோசமாகப் போயிற்று. கவிப்பிரியாவை விட்டு நடந்ததைச் சொல்லச் சொன்னாள், கவிப்பிரியா வேறு ஒரு பெரியம்மாவின் குரலில் நடந்ததைச் சொன்னாள், மாதேஸ்வரன் முழுவதையும் கேட்டுவிட்டு, "சுதாகிட்ட போனைக் குடுங்க" என்றான். அவளால் வாங்க முடியவில்லை. "சரி. வெள்ளிக்கெழம மத்தியானம் வர்றேன்" என்று வைத்துவிட்டான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் அவளிடம் அவ்வளவு அமைதியாக எதுவும் சொன்னதில்லை. அழலாம் என்று உட்கார்ந்தாள், அழுகை ராக்கியப்பனின் குரலில் வந்தது, நிறுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் கம்ப்யூட்டரின் பக்கத்து மூடியை, ஓடும்போதே, மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றினாள். டார்ச் அடித்து மதர்போர்டின் ஓரத்தில் தூசிக்கடியில் இருந்த மாடல் எண்ணைப் படித்து, அதைத் தயாரித்தவர்களின் தளத்திலேயே தேடி, சத்தத்துக்கான சரியான டிரைவரை இறக்கினாள். இந்த முறை கடைசி எழுத்தும் பொருந்தியது. வாசலில் நிழல் விழுந்தது. நாச்சிமுத்து நின்றிருந்தார்.

"கெடச்சிருச்சா அம்மிணி?"

"கெடச்சிருச்சுங்க மாமா. இதப் போட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனைக்கிறேன்."

"எல்லாம்னா, அவளும் போயிருவா."

நாச்சிமுத்து பென்ஷன்காரர்கள் உட்கார்கிற பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கடைசியில ஒருநாளு அவ என்னமோ சொன்னா. வாய் மட்டுந்தான் அசஞ்சுது. நான் தண்ணி கேக்கறாளாக்கும்னு தண்ணி குடுத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அது தண்ணி இல்ல. என்னன்னு தெரியாமயே ஒரு வருசம் ஆவுது. ஒரு நாளு குடு, அதக் கேட்டுப் பாத்துக்கறேன்."

"அவுங்க இல்லீங்களே மாமா அது. பொன்னுக்குட்டியண்ணன் பேசறாரு, கொரலு மட்டுந்தான் அவுங்களுது."

"அது எனக்குத் தெரியாதா."

ஜெயசுதாவுக்குக் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. தன் குரல் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் தான் இருக்க, இந்த மனிதர் செத்தவளின் குரலைக் கொஞ்சம் வைத்திரு என்கிறார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்குங்க மாமா" என்று சொன்னது கண்டக்டரின் குரல். "அதுக்கு மேல முடியாதுங்க. அவரு வர்றாரு."

நாச்சிமுத்து நேராகக் கறிக்கடைக்குப் போனார். வியாபாரம் முடிந்து கட்டையைக் கழுவிக்கொண்டிருந்த பொன்னுக்குட்டியிடம் விஷயத்தைச் சொன்னார். பொன்னுக்குட்டி ரொம்ப நேரம் கட்டையையே கழுவினார். அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாய் எப்புடி அசஞ்சுதுன்னு காட்டுங்க."

நாச்சிமுத்து காட்டினார். உதடு முதலில் மூடியிருந்தது, குவிந்து திறந்தது, மறுபடி மூடியது. அதற்குள் அடங்குகிற வார்த்தைகளைப் பொன்னுக்குட்டி ஒவ்வொன்றாகப் பாவாயியின் குரலில் சொல்லிப் பார்த்தார். பூவும் என்றார். இல்லை. போர்வையும் என்றார். அவ்வளவு நீளம் இல்லை. பழம் என்றார், அதற்கு உதடு குவியாது. ருக்மணி கணவனின் குரலில் உள்ளேயிருந்து இரண்டு மூன்று எடுத்துக்கொடுத்தாள். சாயங்காலம் வரை சொன்னார்கள், வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி உட்கார்ந்து சொன்னார்கள், கறி வாங்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் மூன்று நின்றன. போதும். போகணும். மோரும்.

மூன்றும் உதட்டுக்குப் பொருந்தின. போதும் என்று பொன்னுக்குட்டி சொன்னபோது, அதுதான் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. அவ்வளவு வலி பட்டவள் வேறென்ன சொல்லியிருப்பாள். போகணும் என்றபோது அதுவும் அவளாகவே இருந்தது. மோரும் என்றபோது அவருடைய கை, தட்டை நீட்டுகிற மாதிரி, தானாக முன்னால் போனது. சோறு போட்டு முடிக்கையில் எல்லா நாளும் அவள் சொல்வது அது, மோரும் ஊத்திக்கங்க. படுக்கையில் கிடந்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருப்பாளோ. அன்றைக்குச் சாப்பிட்டோமா என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை.

"எதுங்க?" என்று பொன்னுக்குட்டி கேட்டார்.

"தெரியலீங்க" என்றார் நாச்சிமுத்து. "மூணுந்தான் போலிருக்குது."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாட்டர் டேங்க் பக்கம் மாதேஸ்வரனின் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. ஜெயசுதா தப்பான டிரைவரை நீக்கினாள். வீதியின் வாய்கள் அடைத்தன. சரியானதைப் போட்டாள், மறுபடி தொடங்க வேண்டும் என்று மிஷின் கேட்டது, மவுஸைத் தொட வேண்டாம் என்று ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆகட்டும் என்று அழுத்தினாள். திரை கறுத்தது. லாரி கடை முன்னால் நின்றது, மாதேஸ்வரன் இறங்கினான், மூன்று வாரத் தாடியோடு உள்ளே வந்து, அவளைப் பார்த்து, பின்னால் வீட்டுக்குள் போய், ஒவ்வோர் அறையாக நின்று பார்த்து, திரும்ப வந்து எதிரில் நின்றான். அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. கறுப்புத் திரையைக் காட்டினாள், தன் தொண்டையைக் காட்டினாள், உள்ளங்கையை விரித்து நிற்கச் சொன்னாள். அவன் நின்றான். நான்கு நிமிஷம் இருவரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் வந்தது, ஜன்னல் வந்தது, ஸ்பீக்கரில் டிங் என்று கேட்டது.

"ஏனுங்க" என்றாள்.

அவளுடைய குரல்தான். ஐந்து நாள் இல்லாமல் இருந்ததாலோ என்னவோ, அவளுக்கே அது வேறு யாரோ கூப்பிடுவது போலிருந்தது. மாதேஸ்வரன் பென்ஷன்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"பேசிக்கிட்டே இரு" என்றான். "என்ன வேணும்னாலும் பேசு. நான் கேட்டுக்கறேன்."

அவள் பேசினாள், நாக்பூரில் மழையா என்று கேட்டாள், பேட்டரி செத்துப்போனதைச் சொன்னாள், சாதம் வடிக்கவில்லை என்று சொன்னாள். அவன் முழுசாக நம்பினானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த லோடுக்கு நான்கு நாள் போகவில்லை.

டிரைவரை நீக்கிய அந்த நிமிஷத்தில் எட்டாம் நம்பர் வாசலில் நாச்சிமுத்து கிளம்ப எழுந்திருந்தார். மணி ஆகப் போகிறது என்பது இருவருக்கும் தெரியும். கடைசியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று பொன்னுக்குட்டிக்கு ஒன்றும் தோன்றவில்லை, வாயில் வந்ததைத்தான் கேட்டார், எல்லோரிடமும் கேட்கிறதை.

"நாளைக்கு ஆட்டுக்கால் எடுத்து" என்றார், பாவாயியின் குரலில், அத்தோடு நின்றுபோனது. வாய் திறந்தபடி இருந்தது. நாச்சிமுத்து துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முழு வாக்கியமும் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். தறிகள் ஓடின. ஒரு பெண் கறிக்கு வந்து, இரண்டு பேரையும் பார்த்து, ஒன்றும் கேட்க முடியாமல் ஓரமாக நின்றாள். ஏழெட்டு நிமிஷம்.

"வெக்கட்டுங்களா?" என்று பொன்னுக்குட்டி முடித்தார், தன்னுடைய தடித்த குரலில்.

"வையுங்க" என்றார் நாச்சிமுத்து.